படம் 'லாக்' அடிக்கிறது என்கிறோமே, அது உண்மையில் என்ன?

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றால் போதும், யாராவது சொல்வது காதில் விழும்: "படம் நல்லாத்தான் போகுது, ஆனா கொஞ்சம் லாக்." படம் முடிந்து படியிறங்கும்போது இன்னொருவர்: "எடிட்டர் ஒரு அரை மணி நேரத்தைத் தூக்கியிருக்கலாம்." மறுநாள் யூடியூப் விமர்சனங்களிலும் இதையேதான் கேட்கிறோம். நம் ஊரில் படங்களைப் பற்றி அதிகம் சொல்லப்படும் குறை இது. ஆனால் எதைக் குறை சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்பவர்கள் குறைவு.

படம் நீளமாக இருக்கிறது என்பது ஒரு புகார். காட்சிகள் நிதானமாக நகர்கின்றன என்பது வேறு புகார். கதை நகரவே இல்லை என்பது இன்னொன்று. எனக்கு அலுத்துவிட்டது என்பது நான்காவது. இவை எல்லாவற்றையும் 'லாக்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதனால், நல்ல படங்கள் சில தேவையில்லாமல் அடி வாங்குகின்றன. உண்மையாகவே அலுப்பூட்டும் படங்கள் வேகமாக ஓடுகிற ஒரே காரணத்தால் தப்பித்துக்கொள்கின்றன.

திரையில் நேரம் எப்படி ஓடுகிறது என்பதைச் சினிமா படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். கறுப்பு வெள்ளைப் படம் முதல் சமீபத்திய படம் வரை சிலவற்றின் கதை விவரங்கள் வரும். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

## காத்திருப்பு எப்போது கனக்கிறது?

மருத்துவமனையில் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே உங்கள் அம்மா. கதவு மூடியிருக்கிறது, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. பத்து நிமிடமாக எதுவும் நடக்கவில்லை. ஒரு நர்ஸ் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் வேகமாக நடந்து போகிறார். அந்த நடையில் என்ன இருக்கிறது என்று உங்கள் மனம் தேடுகிறது. அந்தப் பத்து நிமிடம் கொடுமையாக இருக்கலாம், ஆனால் போர் அடித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஒரு அலுவலகம். உங்கள் மனு ஏற்கப்பட்டுவிட்டது, அதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார். முத்திரை வைப்பவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். இங்கேயும் அதே பத்து நிமிடம்தான். ஆனால் இது தாங்க முடியவில்லை. விடை தெரிந்த பிறகு காக்க வைக்கப்படுகிறோம், எரிச்சல் அதனால்தான்.

கடிகாரத்தின்படி இரண்டும் ஒன்று. முதல் இடத்தில் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணில் படும் சின்ன விஷயம்கூட அந்தக் கேள்வியோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது இடத்தில் கேள்வி முடிந்துவிட்டது. திரையரங்கிலும் இதுவேதான் நடக்கிறது.

சுருக்கமாக: ஒரு காட்சி எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து அது அலுக்குமா என்று சொல்ல முடியாது. அந்த நிமிடங்களில் பார்ப்பவரின் மனதுக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## ஷாட், கட், விநாடிக் கணக்கு

முதலில் மூன்று சொற்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் திரையில் இடைவிடாமல் தெரிவது 'ஷாட்'. ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் 'கட்'. படத்தின் மொத்த விநாடிகளை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 'சராசரி ஷாட் நீளம்'.

இந்த எண் காலத்தோடு எப்படி மாறியது என்று அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் எழுதியிருக்கிறார். 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி நின்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது 3 முதல் 6 விநாடியாகச் சுருங்கிவிட்டது. நம் கண் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது. பழைய படம் பார்க்கும்போது முதல் அரை மணி நேரம் கொஞ்சம் இழுப்பதுபோல் தோன்றுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் நிறைய வெட்டினால் படம் விறுவிறுப்பாகிவிடுமா? ஜார்ஜ் மில்லர் இயக்கிய 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' (2015) படத்தைப் பார்ப்போம். இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 ஷாட்டுகள். ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக மூன்று விநாடிகூட இல்லை. ஆனாலும் யார் எந்த வண்டியில் இருக்கிறார், யார் யாரைத் துரத்துகிறார் என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. காரணம் எளிமையானது. முக்கியமான முகமோ கையோ துப்பாக்கியோ, ஒவ்வொரு ஷாட்டிலும் அது பெரும்பாலும் சட்டகத்தின் நடுவிலேயே இருக்கும்படி எடுத்திருக்கிறார்கள். வெட்டு விழுந்ததும் நம் கண் எங்கே பார்ப்பது என்று தேட வேண்டியதில்லை. படத்தொகுப்பு செய்த மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நான் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டது வேகத்துக்காக மட்டுமல்ல. நாயகி ஃபியூரியோசா தேடி வந்த பசுமையான இடம் இப்போது இல்லை என்று தெரியவரும் இடம் நினைவிருக்கிறதா? தாங்கள் கடந்து வந்த சேற்று நிலமே அது. அவள் தன் செயற்கைக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் நடந்து போகிறாள், மண்டியிடுகிறாள், கத்துகிறாள். அதுவரை ஓடிய படம் அங்கே நிற்கிறது. அந்த நிறுத்தம் இல்லையென்றால் அதற்குப் பிறகு வரும் துரத்தல் வெறும் சத்தமாகப் போயிருக்கும். நீளமும் குறுக்கமும், ஓட்டமும் நிறுத்தமும் மாறி மாறி வருவதைத்தான் படத்தின் 'தாளம்' என்கிறார்கள். வேகம் வேறு, தாளம் வேறு. ஒரே வேகத்தில் போகும் எதுவும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும், அது நூறு கிலோமீட்டர் வேகமாக இருந்தாலும்.

சுருக்கமாக: ஷாட் நீளம் அளக்கக்கூடிய ஒரு எண், அவ்வளவுதான். நம்மை இழுத்துப் பிடிப்பது எது என்பதை அது சொல்லாது.

## மேசைக்கு அடியில் வெடிகுண்டு

அப்புறம் எது இழுத்துப் பிடிக்கிறது? இதற்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் ஓர் எடுத்துக்காட்டு தந்தார். சினிமா பேசும் எல்லோரும் அதைச் சொல்வார்கள். ஆனால் 'லாக்' பற்றிப் பேசும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு பேர் மேசையருகே உட்கார்ந்து ஏதோ சாதாரணமாகப் பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியிலிருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. இதையே வேறு மாதிரி செய்யலாம். குண்டு வைக்கப்படுவதை நமக்கு முன்பே காட்டிவிடுங்கள். அது ஒரு மணிக்கு வெடிக்கும், சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். இப்போது அதே உப்புச்சப்பில்லாத பேச்சு பதினைந்து நிமிடம் ஓடினாலும் நாம் நாற்காலியின் நுனியில் இருப்போம். 'எழுந்து ஓடுங்கடா' என்று கத்தத் தோன்றும். இதற்குப் பெயர் 'சஸ்பென்ஸ்': பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பது. நம் பேச்சு வழக்கில் ரகசியத்தை மறைத்து வைப்பதைச் சஸ்பென்ஸ் என்கிறோம். ஹிட்ச்காக் சொன்னது ஏறக்குறைய அதற்கு நேர் எதிர்.

நமக்கு நன்றாகத் தெரிந்த படத்தில் இதைப் பார்க்கலாம். சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் 1995இல் வந்த படத்தின் பெயர் 'பாட்ஷா'. ஆனால் திரையில் நாம் பார்க்கும் ஆட்டோ ஓட்டுநரின் பெயர் மாணிக்கம். அடிதடி கூடாது என்கிறார், தம்பிக்குப் பதிலாகக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள், திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்கிறார். அந்த ஊரில் யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. நமக்குத் தெரியும், டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது.

தங்கையின் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக மாணிக்கம் கல்லூரித் தலைவரைப் பார்க்கப் போகும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசுகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று கேட்காது. எதிரே இருப்பவரின் உடல்மொழி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இடம் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், "உண்மையைச் சொன்னேன்" என்கிறார். காட்சியில் சண்டை இல்லை, வசனமும் கேட்கவில்லை. ஆனால் அரங்கம் அதிர்ந்தது. அந்தப் படத்தின் முற்பாதியில் சண்டைக்காக நாம் காத்திருந்த நேரத்தை யாரும் லாக் என்று சொன்னதில்லை.

ஹிட்ச்காக்கிடமே திரும்புவோம். 'சைக்கோ' (1960) என்றால் எல்லோரும் குளியலறைக் கொலையைச் சொல்வார்கள். அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், துண்டு துண்டாக வெட்டப்பட்ட காட்சி. எனக்கு அதைவிடப் பெரிய சாதனையாகத் தெரிவது அதற்கு அடுத்து வரும் நிமிடங்கள். விடுதி நடத்தும் நார்மன் பேட்ஸ் வந்து குளியலறையைச் சுத்தம் செய்கிறான். வசனம் ஏறக்குறைய இல்லை. கையைக் கழுவுகிறான். தொட்டியைத் துடைக்கிறான், தரையைத் துடைக்கிறான். உடலைத் திரையில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைக்கிறான். கொலையான பெண்ணின் துணிமணிகளை எடுத்து அடுக்குகிறான். எல்லாம் நிதானமாக, ஒரு வேலைக்காரரின் ஒழுங்கோடு. கடைசியாக அறையை ஒரு முறை நோட்டம் விடும்போது, மேசைமேல் ஒரு செய்தித்தாள் கிடக்கிறது. அதற்குள் அவள் திருடிவந்த 40,000 டாலர் இருக்கிறது. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதையும் எடுத்துக் காருக்குள் எறிந்துவிடுகிறான்.

பிறகு காரைச் சதுப்பு நிலத்தில் தள்ளுகிறான். அது மெல்ல மூழ்குகிறது. பாதிக்கு மேல் போனதும் நின்றுவிடுகிறது. நார்மன் அக்கம்பக்கம் பார்க்கிறான். அந்தச் சில விநாடிகளில் நம் மூச்சும் நிற்கிறது. இதில் என்ன விசேஷம் என்றால், கார் மூழ்கிவிட வேண்டும் என்று நாம் விரும்ப ஆரம்பித்துவிட்டோம். சற்று முன்வரை அந்தப் பெண்ணோடு பயணம் செய்த நாம், இப்போது தடயத்தை அழிப்பவனுடைய பக்கம் நிற்கிறோம். இந்த இடமாற்றத்துக்குத்தான் ஹிட்ச்காக் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். துடைக்கும் காட்சியை அரை நிமிடமாகச் சுருக்கியிருந்தால் கார் நிற்கும்போது நமக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. அவனோடு சேர்ந்து அந்தத் தரையைத் துடைத்ததால்தான் அவனோடு சேர்ந்து பயப்படுகிறோம்.

சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) இன்னொரு வகை. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறையில், ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரிகள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது. ஒரு இளைஞன் கொலைகாரனா இல்லையா என்று ஓட்டெடுக்கிறார்கள். முதலில் 11க்கு 1, பிறகு 10க்கு 2, ஒரு கட்டத்தில் 6க்கு 6. அந்த ஓட்டுக் கணக்குதான் படத்தின் கடிகாரம். படம் போகப் போக லூமெட் கேமராவைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார், லென்ஸுகளையும் மாற்றினார். சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருக்கும், கூரை தெரிய ஆரம்பிக்கும். பார்ப்பவர் இதைக் கவனிப்பதில்லை, புழுக்கத்தை மட்டும் உணர்கிறார்.

சுருக்கமாக: கேள்வி உயிரோடு இருக்கும் வரை திரையில் தரை துடைக்கலாம், உட்கார்ந்து பேசலாம். நேரம் கனக்காது.

## கதை நகராமலே ஒரு காட்சி

இதுவரை சொன்னதை வைத்து, மர்மப் படங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் காட்சியால் படத்தின் கதை அங்குலம்கூட நகரவில்லை. 'கதையை நகர்த்தாத காட்சியை வெட்டு' என்று திரைக்கதை வகுப்பில் சொல்வார்களே, அந்த விதிப்படி பார்த்தால் முதலில் போக வேண்டியது அதுதான். அறுபது ஆண்டுகளாக யாரும் அதை வெட்டச் சொல்லவில்லை.

ஏன்? நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்பிக் கதை சொல்கிறார். ஆனால் நாம் பார்ப்பது பாலையாவின் முகத்தை. முதலில் அலட்சியம், பிறகு கொஞ்சம் ஆர்வம், பிறகு உடல் ஒடுங்குகிறது. கதை கேட்பவர் அடுத்து எந்த அளவுக்குப் பயப்படுவார் என்பதுதான் அங்கே நம் கேள்வி. நகைச்சுவையில் ஒரு முகம் மாறுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் வெட்டினால் சிரிப்பு வராது. அதனால் கேள்வி என்பது 'கொலையாளி யார்' என்பதுபோல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 'இந்த மனுஷன் முகம் இனி எப்படிப் போகும்' என்பதும் கேள்விதான்.

## மெதுவான படங்கள் நம்மிடம் என்ன கேட்கின்றன?

சரி, சஸ்பென்ஸும் இல்லை, சிரிப்பும் இல்லை, வேண்டுமென்றே மெதுவாக எடுத்த படங்கள்? 'அவார்டு படம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோமே, அவை?

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷாந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த 'ழான் டீல்மான்' மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு விதவைத் தாயின் மூன்று நாட்கள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனுக்குச் சாப்பாடு போடுகிறாள். பிற்பகலில் வீட்டுக்கு ஓர் ஆண் வருகிறான், பணம் தருகிறான். அந்தப் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள். கேமரா அசைவதே இல்லை. உருளைக்கிழங்கின் தோல் சீவுவதை அது எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பார்க்கிறோம்.

முதல் நாள் முழுக்க அவளுடைய ஒழுங்கு நமக்குப் பழகிவிடுகிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடக்கிறாள். பணம் போட்ட பாத்திரத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. வேறு எந்தப் படத்திலும் ஒரு மூடி திறந்திருந்தால் கவனித்திருக்க மாட்டோம். இங்கே அது அலறலைப் போலக் கேட்கிறது. ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவள் வாயைத் திறக்காமலே. அந்த முதல் நாளின் நீளம் இல்லாமல் இது சாத்தியமே இல்லை. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பிடித்தது. இதைப் பார்க்க உட்காருவது எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வேலை என்பது எவ்வளவு நேரம் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

யசுஜிரோ ஓஸுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) இன்னும் மென்மையானது. ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான தம்பதியை, பிள்ளைகள் தங்கள் வசதிக்காக அட்டாமி என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் அங்கே சத்தம், தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குப் போகலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றுகிறது, சரியாகிவிடுகிறது. ஓஸு இசையால் அதை அடிக்கோடு இடவில்லை, அருகில் போயும் காட்டவில்லை. பின்னால் அவர் இறக்கும்போது நமக்கு அந்தக் கடலோரச் சுவர் ஞாபகம் வரும். பிள்ளைகள் கவனிக்காததை நாமாவது கவனித்தோமா என்று மனம் கேட்கும்.

தமிழில், வினோத்ராஜின் 'கூழாங்கல்' சுமார் 75 நிமிடம்தான் ஓடும். நம் வழக்கப்படி இடைவேளை வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். ஆனாலும் லாக் என்று சொன்னவர்கள் உண்டு. குடித்துவிட்டு வரும் அப்பன் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிப் போகிறான். திரும்பும் வழிக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட, வெயிலில் நடந்தே வருகிறார்கள். தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருக்கிறது. இப்படி எத்தனை முறை நடந்திருக்கிறார்கள் என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. வெயிலில் நடந்த அந்த நிமிடங்களை வெட்டியிருந்தால், ஒரு கல்லின் எடை என்ன என்று நமக்குத் தெரிந்திருக்காது.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில், பாதி கட்டிய வீட்டுக்குள் தாத்தா தனியாக நடந்து பார்க்கும் காட்சியும் இப்படித்தான். சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், இளையராஜாவின் இசை மட்டும் ஒலிக்கிறது. கதையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதுவரை சிமெண்டு, கமிஷன், கடன் என்று கணக்காக இருந்த வீடு, அவர் விரல் பட்டதும் வீடாகிவிடுகிறது. அது கட்டி முடிவதைப் பார்க்க அவர் இருப்பதில்லை.

இந்தப் படங்கள் எல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே நம்மிடம் ஓர் ஒப்பந்தம் பேசுகின்றன: 'நான் இப்படித்தான் நடப்பேன், கூட வருகிறாயா?' விறுவிறுப்பான ட்ரெய்லரைக் காட்டி இப்படிப்பட்ட படத்துக்கு ஆளை அழைத்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது ட்ரெய்லர் மீது வர வேண்டியது.

சுருக்கமாக: மெதுவான நல்ல படம் ஒரு வழக்கத்தை நமக்குப் பழக்கிவிட்டு, அதில் ஒரு சிறு மாற்றத்தைச் செய்கிறது. அந்த மாற்றத்தை நாம் உணர்வதற்கு நீளம் தேவைப்படுகிறது.

## அப்படியானால் உண்மையான லாக் எங்கே?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. விடை தெரிந்த கேள்வியைப் படம் மறுபடி மறுபடி கேட்கும் இடத்தில்தான் அது இருக்கிறது.

வில்லன் கெட்டவன் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் இன்னும் மூன்று பேரைக் கொல்வதைக் காட்டினால் அது முத்திரைக்காகக் காத்திருக்கும் நேரம். நண்பன் செத்ததால்தான் நாயகன் இப்படி ஆனான் என்று வசனத்தில் சொல்லியாகிவிட்டது. பிறகு இருபது நிமிட ஃப்ளாஷ்பேக்கில் அதையே காட்டினால், புதிதாக ஒரு செய்தியாவது அதில் இருக்க வேண்டும். உச்சக்கட்டச் சண்டையில் இருபது பேர் பறக்கிறார்கள், விநாடிக்கு ஒரு கட், காது கிழியும் இசை. ஆனால் நாயகனுக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இதைத்தான் வேகமான லாக் என்பேன். அரங்கில் செல்போன் வெளிச்சங்கள் தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அமைதியான காட்சிகளில் அல்ல.

பாடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1954லேயே எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாடலே இல்லாமல் எடுத்தார், துப்பறியும் கதைக்கு அது பொருந்தியது. அதற்காகப் பாடல் என்றாலே தடை என்று சொல்லிவிட முடியாது. நான்கு நிமிடப் பாடலுக்குள் பத்து வருட வாழ்க்கையைக் காட்டிவிட முடியும், வேறு எந்த வழியிலும் அவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியாது. பாடல் தொடங்கும்போது இருந்த நிலைமையும் முடியும்போது இருக்கும் நிலைமையும் ஒன்றாகவே இருந்தால்தான் பிரச்சினை.

## பாவம் எடிட்டர்

கடைசியாகப் பழி போய் விழும் இடம் எடிட்டிங் மேசை. 'அபோகலிப்ஸ் நவ்' போன்ற படங்களில் பணியாற்றிய படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் உணர்ச்சி, அடுத்தது கதை, மூன்றாவதுதான் தாளம். உணர்ச்சிக்கு மட்டும் பாதிக்கு மேல் எடை கொடுக்கிறார். எழுத்தில் கேள்வியே இல்லாத காட்சியை எடிட்டர் சுருக்கலாம், அவ்வளவுதான். இரண்டு நிமிட அலுப்பு ஒரு நிமிட அலுப்பாகும்.

வெளியான பிறகு வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' (2024) வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. இந்தப் படத்தின் அடிப்படைக் கேள்வி எவ்வளவு அழகானது என்று பாருங்கள். பல வருடம் கழித்துத் தஞ்சாவூர்ப் பக்கம் நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வரும் அருளை ஒருவன் அத்தான் அத்தான் என்று கொண்டாடுகிறான். தன் வீட்டுக்கே அழைத்துப் போய்த் தங்க வைக்கிறான். அவன் யாரென்றே அருளுக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். கொலை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பெயர் தெரியாத சங்கடத்தின் மேல் முழு இரவும் நிற்கிறது. உபசரிப்பு கூடக் கூட சங்கடமும் கூடுகிறது. அந்தக் கூடுதலுக்கு நேரம் தேவை. என்னைக் கேட்டால், அந்த இரவு நீளமாக இருப்பதுதான் அதன் நியாயம். ஆனால் அந்தச் சங்கடத்தோடு ஒட்டாமல், பொதுவான விஷயங்களைப் பற்றிய உரையாக மாறிய பேச்சுகளில் சிலர் நெளிந்தார்கள் என்றால் அதையும் புரிந்துகொள்ள முடிகிறது. அங்கே அருளின் கேள்வி சிறிது நேரம் பின்னால் போய்விடுகிறது. 'படம் 18 நிமிடம் நீளம்' என்று சொல்வதைவிட, 'இந்த இடத்தில் கேள்வி கைநழுவியது' என்று சொன்னால் இயக்குநருக்கும் உதவும், பார்ப்பவருக்கும் உதவும்.

## இனி ஒரு படம் இழுப்பதுபோல் தோன்றினால்

மூன்று விஷயங்களை மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். இந்த நொடியில் எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இந்தக் காட்சி முடியும்போது, தொடங்கியபோது இல்லாத ஏதாவது ஒன்று எனக்குக் கிடைத்ததா, அது ஒரு தகவலாகவோ ஒரு முகமாகவோ ஒரு சந்தேகமாகவோ இருக்கலாம். இந்தப் படம் முதல் பத்து நிமிடத்தில் சொன்ன நடையில்தான் நடக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

வீட்டில் பார்க்கும்போது இன்னொன்றும் சேர்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் வசனம் மட்டும் காதில் விழும். மேலே சொன்ன மூடி, குவியல், தலைச்சுற்றல் எதுவுமே வசனத்தில் இல்லை, எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. 1.5 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் கதை தெரிந்துவிடும், பாலையாவின் முகம் தப்பிப் போய்விடும்.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் மூன்று மணி நேரப் படத்தில் இறங்க வேண்டாம். '12 ஆங்ரி மென்' நல்ல தொடக்கம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். அடுத்து 'வீடு'. அதன் பிறகு 'டோக்கியோ ஸ்டோரி'க்குப் போனால், அட்டாமி காட்சி வரும்போது உங்கள் கண் தானாகவே அந்த அம்மாவின் மேல் நிற்கும்.